மாமன் கைச் சோறு

பேச்சிச்செல்விக்கு எதுவும் மறக்காது. தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டு. அதன் வாசல் அறையில் உட்கார்ந்து, உள்ளே வருகிற பெட்டி, வெளியே போகிற பெட்டி எல்லாவற்றின் எண்ணையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. டிரைவர் ஜன்னல் வழியாக ஒரு தடவை கத்தினால் போதும், திரும்பக் கேட்க மாட்டாள். போன மாதம் போன பெட்டியைப் பற்றிக் கேட்டாலும் திரையைப் பார்க்காமலே பதில் சொல்வாள். மேனேஜர் அவளை ரொம்ப மெச்சுவார். பெட்டிகளோடு நின்றிருந்தால் நாமும் மெச்சலாம். மனுஷர்களையும் அவள் அப்படித்தான் ஏற்றி வைத்திருந்தாள்.

ஆறாம் வகுப்பில் ஒருத்தி இவள் ரிப்பனைக் கத்தரித்துவிட்டாள். இவள் அழவில்லை, டீச்சரிடம் சொல்லவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து குரூப் போட்டோ எடுக்கிற அன்றைக்கு, கேமராக்காரர் 'ரெடி' சொன்ன பிறகு, ஒரு எட்டு நகர்ந்து சரியாக அந்தப் பெண்ணின் முகத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள். அந்தப் போட்டோ இன்னும் பள்ளிக்கூட வராந்தாவில் தொங்குகிறது. ரிப்பனை வெட்டியவளுக்கு அதில் ஒரு காது மட்டும்தான் இருக்கிறது.

ரிப்பனுக்கே இப்படி என்றால், அண்ணனுக்கு நடந்ததற்கு என்ன செய்வாள் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அண்ணன் சொரிமுத்து ஏரலுக்குப் பக்கத்தில் ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிறவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட்ட வீட்டில் தங்கச்சியைப் படிக்கவைத்து, வேலைக்கு அனுப்பி, அவளுக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவன். மாப்பிள்ளை ராஜதுரை துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன். கல்யாணம் தூத்துக்குடியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சொரிமுத்து விடியுமுன்னே வாழைத்தாரும் இலைக்கட்டும் ஏற்றிக்கொண்டு வந்தவன், தாலி கட்டி முடிகிறவரை ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தான். மத்தியானம் யாரோ பிடித்து உட்காரவைத்த பிறகுதான் பந்தியில் உட்கார்ந்தான். எதிர் வரிசையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

அவன் சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, முதல் கவளத்தை உருட்டி எடுத்த நேரம். பின்னால் வந்து அவன் தோளில் கை வைத்தாள் சந்தனமாரி. ராஜதுரையின் அக்கா. வாட்டசாட்டமான உடம்பு, சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். தாயில்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவள் என்பதால் அன்றைக்கு மண்டபமே அவள் கையில்தான் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் எந்திரிங்க. நம்ம ஆளுக வந்திருக்காவ."

அவள் பின்னால் துறைமுகத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றார்கள். சொரிமுத்து கையிலிருந்த கவளத்தைப் பார்த்தான். அதை இலையில் திரும்ப வைத்தான். எழுந்து போய்க் குழாயடியில் கையைக் கழுவினான். சாப்பிடாத கையைக் கழுவ அவனுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. புதுப்பெண் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தாள். எழுந்து நின்று கத்தியிருப்பாள். கழுத்தில் தாலி ஏறி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது. அவள் இலையில் பாயசம் ஊற்றினார்கள். அதைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு சொரிமுத்து பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தங்கச்சி வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. புது அரிசி வரும், வாழைக்காய் வரும், அவன் மட்டும் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டான். "வரும்போதுதான்ளா சாப்பிட்டேன்" என்பான். ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டுப் பஸ் ஏறுவான். பசியில் அவன் கண் உள்ளே போயிருப்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்கு நடந்ததை அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. சந்தனமாரிக்கோ அப்படி ஒன்று நடந்த நினைவே இல்லை. கல்யாண நெருக்கடியில் சொன்ன நூறு வார்த்தையில் அது ஒன்று. பேச்சிச்செல்விக்கு இதுதான் எல்லாவற்றையும்விட எரிந்தது. சொன்னவள் நிம்மதியாகத் தூங்குகிறாள், கேட்டவன் பட்டினியாகப் பஸ் ஏறுகிறான்.

சண்டை போட்டுத் தீர்க்கிற காரியமாக அவள் இதை நினைக்கவில்லை. அதே மாதிரி ஒரு பந்தி வேண்டும். அதே கூட்டம் வேண்டும். சந்தனமாரி முதல் கவளம் பிசைந்து எடுக்க வேண்டும். பின்னால் போய்த் தோளில் கை வைத்து, வார்த்தை மாறாமல் அதையே சொல்ல வேண்டும். இதை அவள் குளிக்கும்போது சொல்லிப் பார்த்தாள், யார்டில் லாரி வராத நேரத்தில் சொல்லிப் பார்த்தாள். ஆனால் சந்தனமாரி எந்த விசேஷத்திலும் கடைசிவரை நின்று பரிமாறுகிற ஜாதி. முந்திப் பந்தியில் உட்காரவே மாட்டாள். அவள் உட்கார வேண்டும் என்றால் அவள் விருந்தாளியாக வேண்டும். அதற்கு விசேஷம் அண்ணன் வீட்டில் நடக்க வேண்டும்.

குழந்தை உண்டானதும் வழி கிடைத்துவிட்டது. அவர்கள் வழக்கத்தில் பிள்ளைக்கு முதல் சோறு தாய்மாமன் கையால்தான். தாய் பிறந்த ஊரில் அம்மன் முன்னால் வைத்து மாமன் ஊட்டுவான், பிறகு மாமன் வீட்டில் விருந்து. அத்தைக்காரி அங்கே விருந்தாளி. கரண்டியைத் தொட முடியாது, முதல் பந்தியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆக, பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அதற்கு ஒரு வேலை ஒதுக்கிவிட்டாள் புண்ணியவதி.

ஆவணியில் பையன் பிறந்தான். பாலகணேஷ் என்று பேர் வைத்தார்கள். பிறந்த நாளிலிருந்து அவனுக்கு ஒரே ஒரு கவலைதான் உண்டு, அது பசி. ஒரு பக்கம் குடித்து முடித்து மறுபக்கம் மாற்றுவதற்குள் முகம் சிவந்துவிடும். நாலாம் மாதம் ஆனபோது நிலைமை இன்னும் மோசமானது. குடித்துவிட்டுக் கண்ணயர்ந்து, அம்மா ஒரு பாத்திரத்தைக் கழுவி முடிப்பதற்குள் மறுபடி கத்துவான். கையை முழங்கைவரை வாய்க்குள் திணிக்கப் பார்ப்பான். முத்தையாபுரத்தில் அவர்கள் குடியிருந்த சந்துக்கே அவன் குரல் தெரியும். அத்தைக் குரல் என்று எல்லோரும் சிரித்தார்கள். பேச்சிச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.

சந்தனமாரி அதே காம்பவுண்டில் அடுத்த போர்ஷனில் இருந்தாள். புருஷன் கப்பலில் சமையல்காரர், மகள் சாயர்புரத்தில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். ஆகவே சந்தனமாரிக்குத் தம்பி வீட்டில் மூக்கை நுழைக்க நேரத்துக்குப் பஞ்சமில்லை.

"ஏளா, பிள்ள பசியில கத்துது. ஒனக்குப் பால் பத்தல. ஏத்தன் வாழக்காப் பொடியில ரெண்டு கரண்டி கஞ்சி காச்சி ஊத்து. ஒன் புருஷன நான் அப்படித்தான் வளத்தேன்."

"ஆறு மாசம் முடியாம பால் தவிர ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிருக்காவ, மைனி."

"சிஸ்டரா வந்து அழுகைய நிறுத்துவா? ஒன் பால்ல தண்ணிதான் இருக்கு. உடம்பப் பாரு, நெத்திலியாட்டம்."

வீட்டுக்குள் சொன்னதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீர் லாரி வந்து எல்லோரும் குடத்தோடு நிற்கும்போது சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் பேச்சிச்செல்வியின் நெஞ்சைப் பார்த்துவிட்டுக் குடத்தைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம் பிள்ளை குடித்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தன் பாலையே சந்தேகப்பட ஆரம்பித்திருந்தாள். சந்தனமாரி மேல் இருந்த கோபம் அன்றைக்கு இரட்டிப்பானது.

ராஜதுரையிடம் சொல்லிப் பார்த்தாள். நாற்பதடி டிரெய்லரைச் சந்துக்குள் பின்னால் எடுத்து நிறுத்துகிற ஆண்பிள்ளைக்கு, இந்த இரண்டு பெண்களுக்கும் நடுவில் ஒரு வார்த்தையை நுழைக்கத் தெரியவில்லை.

"அக்கா வாய்தான்ளா அப்படி. மனசுல ஒண்ணும் கெடையாது" என்றான்.

"வாய்ல இருந்து வாரதுதான எனக்குக் கேக்கு" என்றாள் அவள்.

மறுநாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கே விஜிலா என்று ஒரு நர்ஸ். வம்பு பேசாத, வளைத்தும் பேசாத மனுஷி. பாலகணேஷைத் துணியில்லாமல் தராசில் போட்டாள். அவன் தராசின் மேலேயே ஒன்றுக்குப் போனான்.

"இப்படி அடிக்கடி ஒண்ணுக்குப் போறானா? எடையும் ஜம்முனு ஏறிருக்கு. பால் பத்தலன்னு எவ சொன்னா?" என்றாள் விஜிலா.

"பொறவு ஏன் சிஸ்டர் இப்படிக் கத்துதான்?"

"வளருதான், அதுனால கேக்கான். கேக்கும்போதெல்லாம் குடு, கேக்கக் கேக்கப் பால் ஊறும். இப்பவே கஞ்சிய ஊத்தி வயித்த ரொப்புனா பால் குடிக்கது கொறஞ்சு போகும். கழுத்து நிக்கணும், சாய்ச்சு வச்சா உக்காரணும், வாய்ல வச்சத நாக்கால வெளிய தள்ளாம உள்ள வாங்கணும். ஆறு மாசம் முடியும்போது அதெல்லாம் வந்துரும். அப்ப ஆரம்பி. அதுக்கு முந்தியும் வேண்டாம், அதுக்குப் பிந்தியும் வேண்டாம்."

கடைசி வார்த்தையைப் பேச்சிச்செல்வி சரியாகக் காதில் வாங்கவில்லை. எதுவும் மறக்காதவள்தான். ஆனால் அன்றைக்கு அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, பால் பத்துகிறது என்பது. வருகிற வழியில் ஷேர் ஆட்டோவில் ஏறாமல் நடந்தே வந்தாள். சந்து முனையிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்று பிள்ளையின் எடையைச் சொன்னாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், கேட்காதவர்களுக்கும் சொன்னாள். சந்தனமாரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, காம்பவுண்டு நடுவில் நின்று, "தண்ணிப் பால் குடிச்சே இவ்வளவு ஏறிருக்காம்லா என் ராசா! நல்ல பால் குடிச்சா தராசு ஒடஞ்சிருக்கும்!" என்று பிள்ளையிடம் சொல்வதுபோலச் சொன்னாள். சந்தனமாரி ஈரச் சேலையை உதறிய உதறலில்தான் பதில் இருந்தது. பேச்சிச்செல்விக்கு உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது. இதுவே இப்படி இனித்தால் அது எப்படி இனிக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாசியில் ஆறு மாதம் முடிந்தது. விஜிலா சொன்ன அடையாளம் எல்லாம் வந்துவிட்டது. பாலகணேஷ் சுவரில் சாய்த்து வைத்தால் உட்கார்ந்தான். யாராவது தட்டோடு வந்தால் அந்தத் தட்டு போகிற பக்கமெல்லாம் அவன் தலை போயிற்று. அப்பன் இட்லியைப் பிட்டு வாய்க்குள் வைக்கும்போது இவன் வாய் தானாகத் திறந்து மூடும். பேச்சிச்செல்விக்கு லீவு முடிந்து யார்டுக்குப் போக வேண்டி வந்தது. காலையில் பாலைப் பீய்ச்சி டம்ளரில் மூடி வைத்துவிட்டுப் போவாள். சந்தனமாரி பாலாடையில் ஊற்றிக் கொடுப்பாள். வேறு ஆளில்லை. எதிரி கையில்தான் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருந்தது.

சொரிமுத்துவுக்கு அவள் போன் போட்டாள். பிசானப் பருவத்து நெல் அறுப்புக்கு நின்றது. திடீரென்று மழை பெய்து வயலில் தண்ணீர் கட்டிவிட்டது. அறுப்பு மிஷின் இறங்க முடியவில்லை.

"ஏளா, பெருசா செய்ய இப்பம் நேரமில்ல. நீ மாப்பிள்ளையோட பிள்ளையத் தூக்கிட்டு வா. பேச்சியம்மன் கோயில்ல வச்சு ஒரு வாய் ஊட்டிருதேன். விருந்து அறுப்பு முடிஞ்ச பொறவு வச்சுக்கிடுவோம்" என்றான் அவன்.

நல்ல மனுஷி என்றால் அன்றைக்கே பஸ் ஏறியிருக்க வேண்டும்.

"முடியாதுண்ணே. ஒரே ஒரு மருமவன். எல்லாத்தையும் கூப்பிட்டுத்தான் செய்யணும். அவுக ஆளுக அம்புட்டுப் பேரும் வரணும். அறுப்பு முடியட்டும், நான் காத்திருக்கேன்" என்றாள்.

காத்திருந்தது அவளா என்ன? காத்திருந்தது பாலகணேஷ்.

இப்போது அழுகை மாறிவிட்டது. முன்பெல்லாம் கோபமாகக் கத்துவான். இப்போது முனகினான். வேலை முடிந்து அவள் வந்ததும் நெஞ்சில் முட்டிமுட்டிக் குடித்துவிட்டு, தீர்ந்த பிறகும் விடாமல் இழுத்தான். சந்தனமாரியின் குரல்கூட மாறியிருந்தது.

"ஏளா செல்வி, நான் சாப்புடும்போது பிள்ள என் வாயவே பாத்துக்கிட்டு எச்சில முழுங்குது. என்னால தொண்டையில சோறு எறக்க முடியல. ரெண்டு பருக்கைய மசிச்சுக் குடுத்துருவோமா?"

அது நியாயமான பேச்சு. சொன்னவள் வேறு யாராக இருந்தாலும் பேச்சிச்செல்வி கேட்டிருப்பாள்.

"நாலு மாசத்துலயும் நீங்க இதத்தான் சொன்னிய. மாமன் கை படாம என் பிள்ள வாயில சோறு படக்கூடாது. வழக்கம்னா வழக்கம்."

வழக்கம் என்றதும் சந்தனமாரி அடங்கிவிட்டாள். அவள் வாய் பெரிது என்றாலும் வழக்கத்துக்குப் பயந்தவள். பேச்சிச்செல்விக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. தினமும் யார்டிலிருந்து வந்ததும் பிள்ளையின் வாயை மோந்து பார்த்தாள். ஒருநாள் சந்தனமாரி அதைப் பார்த்துவிட்டாள்.

"நான் வாய்க்காரிதான்ளா. திருடி இல்ல" என்றாள். சொல்லிவிட்டுத் தன் போர்ஷனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேச்சிச்செல்விக்கு ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. வெட்கத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு நின்ற முதுகு நினைவில் இருக்கும்போது மற்றதற்கெல்லாம் இடமில்லை.

அந்த மாதம் எடை பார்க்கப் போனபோது விஜிலா பிள்ளையைத் தராசில் போட்டாள். இறக்கினாள். மறுபடி போட்டாள்.

"போன மாசம் இருந்த எடையிலயே நிக்கான். என்ன குடுக்க?"

"பால்தான் சிஸ்டர்."

"பால் மட்டுமா? இன்னுமா சோறு ஆரம்பிக்கல?"

"மாமன் ஊட்டணும். வயல்ல அறுப்பு. நாள் குறிச்சாச்சு, இந்தா..."

விஜிலா கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். "அன்னைக்குப் பத்தும்னு சொன்னேன், பத்துச்சு. இன்னைக்குப் பத்தல. பால்ல இருக்க சத்து இந்த வயசுக்குப் போதாது. கண்ண இழுத்துப் பாரு, வெளுத்து இருக்கு. மாமன் என்னைக்கும் வரட்டும். நீ இன்னைக்குச் சாயங்காலம் சோத்தையும் பருப்பையும் கொழைய மசிச்சுக் குடு. முதல்ல ரெண்டு கரண்டி, பொறவு கூட்டிக்கிடலாம்."

"சரி சிஸ்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்து குக்கரில் அரிசியும் பாசிப்பருப்பும் போட்டாள். குழைய வேகவைத்தாள். கரண்டியின் பின்பக்கத்தால் மசித்தாள், ஆறவைத்தாள். பாலகணேஷ் வாசனை பிடித்துக் காலை உதைத்துக்கொண்டு வாயைத் திறந்தான். கரண்டியை அவன் உதடுவரை கொண்டுபோனாள். இப்போது கொடுத்துவிட்டால் முதல் சோறு முடிந்தது. அப்புறம் ஊரில் விருந்து எதற்கு என்று ராஜதுரை கேட்பான். அண்ணனும் செலவு மிச்சம் என்பான். பந்தி கிடையாது, சந்தனமாரி உட்காரப்போவதும் கிடையாது. அடுத்த விசேஷம் காதுகுத்து. அதற்கு இன்னும் எத்தனை காலமோ.

நாள் குறித்தாயிற்று, இன்னும் ஒரு வாரம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். ரவிக்கையை விலக்கிப் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டாள். அவன் குடிக்காமல் தலையைத் திருப்பிக் கிண்ணத்தையே பார்த்தான். அந்தச் சோற்றை அவளே தின்று தீர்த்தாள். இப்படி ஒரு பாவத்தை வேறு எவளாவது செய்திருந்தால், ஆயுசுக்கும் நினைவில் ஏற்றி வைத்திருப்பாள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அறுப்பு முடிந்து சொரிமுத்து வீட்டு முற்றத்தில் சாமியானா போட்டிருந்தது. தூத்துக்குடியிலிருந்து வேன் வைத்து ராஜதுரையின் ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். கல்யாணத்தன்று பந்திக்கு வந்து நின்ற துறைமுகத்து ஆட்களும் வந்தார்கள். அவர்களைப் பேச்சிச்செல்வியே போன் போட்டு வருந்தி அழைத்திருந்தாள். சந்தனமாரி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, மருமகனுக்கு அரைஞாண் கொடி வாங்கிக்கொண்டு வந்திறங்கினாள். சொரிமுத்து வாசலுக்குப் போய், "வாங்க மைனி" என்று கும்பிட்டான்.

பேச்சியம்மன் கோயிலில் மாமன் மடியில் பாலகணேஷை உட்காரவைத்தார்கள். சொரிமுத்து தங்க மோதிரத்தில் சர்க்கரைப் பொங்கலைத் தொட்டு மருமகன் நாக்கில் மூன்று தடவை வைத்தான். அவ்வளவுதான் சடங்கு. பெண்கள் குலவை போட்டார்கள். பிள்ளை நாக்கைச் சப்பிப் பார்த்தான், ஒன்றும் மிஞ்சவில்லை. மாமன் விரலைப் பிடித்து வாய்க்குள் இழுத்தான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிவதற்குள் அவன் அழ ஆரம்பித்தான்.

"விருந்துல நல்லா ஊட்டுவோம்யா" என்று சொல்லிச் சொரிமுத்து அவனை யாரிடமோ கொடுத்தான். பந்திப்பாய் விரித்தாயிற்று, அவன் சாம்பார் வாளியைத் தூக்க வேண்டும். பேச்சிச்செல்வி சோற்றுப் பாத்திரத்தோடு சுற்றினாள். பிள்ளை ராஜதுரையிடம் இருப்பான் என்று நினைத்தாள். அவள் கண் வேறு இடத்தில் இருந்தது. முதல் பந்தியில், வரிசையின் நடுவில், சம்மணம் போட்டு அகலமாக உட்கார்ந்திருந்தாள் சந்தனமாரி. இலையில் கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வந்துவிட்டன. சோறு விழுந்தது. பருப்பு, நெய். துறைமுகத்து ஆட்கள் அடுத்த பந்திக்காகச் சாமியானா ஓரத்தில் நின்றார்கள். எல்லாம் அவள் மனசில் பார்த்துப் பார்த்து வைத்திருந்தபடியே கூடி வந்திருந்தது.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சாமியானாவைச் சுற்றி, வரிசையின் பின்பக்கமாக நடந்து சந்தனமாரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். அந்த அகல முதுகு மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. சந்தனமாரி குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கை கவளத்தை எடுத்தது. அந்த நொடிக்குத்தான் இத்தனை காலம் காத்திருந்தாள். தோளில் கையை வைத்தாள்.

"மைனி, கொஞ்சம் எந்திரிங்க. நம்ம ஆளுக வந்திருக்காவ."

வரிசை முழுக்கக் கேட்டது. பக்கத்து இலைகளில் கைகள் அப்படியே நின்றன. பேச்சிச்செல்விக்கு உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது.

சந்தனமாரி திரும்பினாள். அவள் மடியில் பாலகணேஷ் இருந்தான். மோவாயெல்லாம் பருப்புச் சோறு. அத்தை கையிலிருந்த அடுத்த வாய்க்காக வாயைத் திறந்தபடி இருந்தான். அந்தக் கவளம் அவனுக்கு ஏற்ற சின்னக் கவளம், நன்றாக மசித்தது.

"இப்பந்தான் தம்பி மடியில போட்டுட்டுப் போனான், அழுதுக்கிட்டு இருந்தான். மாமன் ஊட்டிட்டான்லா, இனிமே குடுக்கலாமேன்னு..." என்று ஆரம்பித்தவள், பேச்சிச்செல்வியின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். எதிரே சாம்பார் வாளியோடு சொரிமுத்து அசையாமல் நின்றான். சந்தனமாரி அவனைப் பார்த்தாள். சாமியானா ஓரத்தில் நின்ற துறைமுகத்து ஆட்களைப் பார்த்தாள். மறந்துபோயிருந்தது அவளுக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் சொன்னதுதான்" என்றாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக யாரும் கேட்டதில்லை. கையிலிருந்த கவளத்தை இலையில் திரும்ப வைத்தாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

இலையை விட்டுத் தூக்கியதும் பாலகணேஷ் அலறினான். இரண்டு கையையும் இலையை நோக்கி நீட்டிக்கொண்டு, மூச்சு நின்றுவிடும்போல அலறினான். அந்தச் சத்தத்துக்குப் பேச்சிச்செல்வியின் மார்பு சுரந்து ரவிக்கை நனைந்தது. ஐயோ என்று கையை நீட்டி வாங்கப் போனாள். அவன் முதுகை வளைத்துக்கொண்டு வர மறுத்தான்.

சொரிமுத்து வாளியைக் கீழே வைத்தான். இலையைச் சுற்றி வந்து சந்தனமாரியிடமிருந்து மருமகனை வாங்கினான்.

"என் பசி என்னோட போயிருக்கும்ளா" என்றான் தங்கச்சியிடம். "பால்குடிப் பிள்ளைய எலையில இருந்து எழுப்பிட்டியே."

அந்த இலைக்கு முன்னால் அவனே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, சந்தனமாரி பிசைந்து வைத்திருந்த சோற்றில் ஒரு விரல் எடுத்து ஊட்டினான். பாலகணேஷ் விம்மலுக்கு நடுவில் முழுங்கினான், மறுபடி திறந்தான். அவனுக்கு ஒரு வாய் கொடுத்துவிட்டுச் சொரிமுத்து தனக்கு ஒரு வாய் எடுத்துக்கொண்டான். ராஜதுரையின் ஆட்கள் முன்னால் அவன் சாப்பிட்டு அன்றைக்குத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

முற்றத்து ஓரத்தில் குழாயடியில் சந்தனமாரி முதுகைக் காட்டிக்கொண்டு கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழுவினாள். பேச்சிச்செல்வி ஆசைப்பட்ட காட்சி அதுதான். ஒரு குறையும் இல்லாமல் கிடைத்திருந்தது. பார்க்கத்தான் முடியவில்லை.

"சோறு கொண்டா" என்றான் அண்ணன், தலையை நிமிர்த்தாமல்.

அவள் பாத்திரத்தை எடுத்து வந்து இலைக்கு முன்னால் குனிந்தாள். சோறு பாதி பாயில் விழுந்தது. "ஏ ராசா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். பாலகணேஷ் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கண் கரண்டியில் இருந்தது.